எல் நாலு, எல் அஞ்சு

டாக்டர் சொன்னபோது
ஹவுசிங் போர்டு நம்பர் என்றுதான் நினைத்தேன்.
எல் பிளாக்கில் நாலாம் வீட்டுக்கும் அஞ்சாம் வீட்டுக்கும் நடுவே
சுவர் உப்பி வெளியே தள்ளியிருக்கிறது,
பின்னால் ஓடுகிற ஒயரை அது அமுக்குகிறது,
அதனால்தான் இடது கால் கட்டைவிரல்
யாருடையதோ மாதிரி இருக்கிறது.
கழுத்திலும் அப்படி ஒரு வீடு. அது ஸி பிளாக்.

"திறந்து, எடுத்துட்டு, ஸ்க்ரூ போட்டு நிறுத்திடலாம்."
ஸ்டான்லியில் பகல் பன்னிரண்டரை.
எனக்குப் பின்னால் பதினேழு பேர்
பெரிய பெரிய கவர்களை மார்போடு அணைத்து நிற்கிறார்கள்.
நான் ஒன்றுதான் கேட்டேன்:
கழுத்து திரும்புமா சார்?
நாற்பதடி டிரெய்லர். இடது கண்ணாடியைப் பார்க்கவேண்டும்.
பார்க்காத ஒரு நொடியில்
டூவீலர் ஒன்று உள்ளே நுழைந்துவிடும்.
"கொஞ்சம் குறையும்" என்றார்.
கொஞ்சம் என்பது எத்தனை டூவீலர்?

எண்ணூர் நெடுஞ்சாலையில்
துறைமுக கேட்டுக்கு வரிசை நகராத இரவுகளில்
இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து தேய்த்தது இது.
வண்டி நிற்கும், என்ஜின் நிற்காது.
அதன் உதறல் சீட்டு வழியே ஏறி
ஒவ்வொரு எலும்பாகக் கதவைத் தட்டிக்கொண்டு போகும்.

ஆளுக்கொரு வாய்.
ஜோதிலிங்கம் ஆபரேஷன் செய்துகொண்டு
மூன்றாம் மாதம் மகள் கல்யாணத்தில் ஆடினான்.
வீடியோ இருக்கிறது.
காதர் மொய்தீனும் செய்துகொண்டார்.
பார்க்கப் போனால்
கட்டிலுக்குக் கீழே செருப்பு புதிதாகவே கிடக்கிறது.
இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர்.
புத்தூர் கட்டு போடுண்ணா என்கிறான் கிளீனர் பையன்.
முதலாளி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை,
சாவியை வேறொருவனிடம் கொடுத்திருக்கிறார்,
சும்மா ஒரு வாரத்துக்கு.

காப்பீட்டு அட்டையில் வந்துவிடும், காசு பிரச்சினை இல்லை.
காசாக இருந்திருந்தால்
கடன் வாங்கித் தீர்த்திருப்பேன்.

பழைய பிளாக்கை இடித்தபோதும்
இப்படித்தான் ஒரு தாளை நீட்டினார்கள்.
பதினெட்டு மாதத்தில் புது வீடு.
கையெழுத்துப் போட்டோம்.
ஐந்து வருடம் வாடகைக்கு இருந்தோம்.
புது வீடு வந்தது, லிஃப்ட்டும் வந்தது,
இல்லையென்று சொல்ல முடியாது.
எதிர்வீட்டு ரோசம்மாதான் அதற்குள் போய்விட்டாள்.

ராத்திரி மரகதம்
எம்.ஆர்.ஐ படத்தை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
காசிமேட்டில் மீன் வெட்டிக்கொடுக்கிறவள்.
நாளைக்கு நூறு முள்ளைத் தொடுகிற விரல்.
மேலிருந்து தடவிக்கொண்டே வந்து
யாரும் சொல்லாமலே ஓர் இடத்தில் நின்றது.
"இங்க தானே?"
அங்கேதான்.
"மத்ததெல்லாம் வெள்ளையா கீது. இது மட்டும் கறுத்துப் போயிட்ச்சு."
செய்துக்கவா என்று கேட்டேன்.
படத்தைக் கவருக்குள் போட்டாள்.
"நான் அறுக்குறது செத்த மீனு.
என்னாண்ட கேக்காத."

மூன்று மணிக்கு அவள் கிளம்பும்போது
முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து
சிமெண்டுத் தரையில் விழித்துக் கிடந்தேன்.
போன வருடம் வரை
அன்னக்கூடையைத் தூக்கி அவள் தலையில் வைப்பது நான்.
இப்போது அவளே குந்தி, அவளே ஏற்றி,
ஒரு கையால் சுவரைப் பிடித்து எழுகிறாள்.
எழும்போது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.
எனக்குத் தெரிந்த சத்தம்.
"இன்னா?" என்றேன்.
"ஒண்ணியும் இல்ல. தூங்கு."

லிஃப்ட் ஓடும் ஓசை கேட்கவில்லை.
படியில்தான் இறங்குகிறாள்.

படிவம் டிவிக்கு மேலே இருக்கிறது, கரண்ட் பில்லோடு.
திங்கட்கிழமைக்குள் சொல்லவேண்டும்.
'உடனிருந்து கவனிப்பவர்' என்கிற கோட்டில்
எழுத எனக்கு ஒரு பெயர்தான் உண்டு.

பக்கவாட்டில் புரண்டு, கையூன்றி,
முதலில் ஒரு முழங்கால்.
அவள் முனை திரும்புவதற்குள்
ஜன்னலுக்குப் போய்விட வேண்டும்.
இடது பக்கம் கழுத்தைத் திருப்பினால்தான்
அங்கிருந்து தெருமுனை தெரியும்.